வாங்காத கடனுக்கு வாசலில் ஆள் வந்து நின்றால்: திருகோணமலை மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உப்புவெளியில் எங்கள் வீட்டுப் படலையடியில் ஒரு நாள் காலை மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. வந்த இளைஞர் இறங்காமலே அப்பாவின் பெயரைக் கூப்பிட்டு, லீசிங் காசு ஆறு மாதமாக நிலுவை, இன்றைக்கே ஏதாவது கட்ட வேண்டும் என்று ரோட்டுக்கே கேட்கும்படி சொன்னார். அப்பா வாழ்நாளில் லீசிங் எடுத்தவரில்லை. ஆனால் அந்த நேரம் அவர் வீட்டில் இல்லை. பக்கத்து மதிலுக்கு மேலால் தலைகள் தெரியத் தொடங்கியதும் அம்மா உள்ளே போய் 2000 ரூபாவை எடுத்து வந்து கொடுத்து, "தம்பி, அவர் வந்ததும் கதைக்கச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டார்.

இரண்டு மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. இன்ன திகதியில் பகுதிக் கொடுப்பனவு செய்திருக்கிறீர்கள், ஆகவே கடனை ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள், மிகுதியைக் கட்டுங்கள் என்று எழுதியிருந்தது. உண்மையான கடன்காரர் வேறொருவர். அப்பாவின் அதே பெயர், அதே தலைப்பெழுத்து. இதை நிரூபித்து வெளியே வர எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. அந்த 2000 ரூபா போகாமல் இருந்திருந்தால் ஒரு கடிதத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அது. அம்மாவில் குறை சொல்ல மாட்டேன். வசூலிக்க வருபவர்கள் நம்பி வருவதே அந்த மதிலுக்கு மேலால் தெரியும் தலைகளைத்தான். மானத்துக்குப் பயந்து கொடுக்கும் காசு இந்த ஊரில் எவ்வளவோ போயிருக்கும். அது இனியாவது போகக்கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலாவது: காசும் இல்லை, கையெழுத்தும் இல்லை

கடன் உங்களுடையதா என்று தெரியும்வரை ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். "இப்போதைக்கு 500 போடுங்கள், பிறகு பார்த்துக்கொள்வோம்" என்பது உதவி மாதிரித்தான் கேட்கும். ஆனால் இலங்கையின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், 1871-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கச் சட்டம், எழுத்து ஒப்பந்தம் ஒன்றின் மேல் வழக்குப் போட 6 வருடம் தருகிறது. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு 3 வருடம். முதலிலோ வட்டியிலோ ஒரு பகுதியைக் கட்டினால், அல்லது கடனை ஏற்றுக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அந்தக் கணக்கு மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடத் தொடங்கும். வாயால் சொன்னது மட்டும் அந்தக் காலக்கணக்கைப் புதுப்பிக்காது. காசும் கையெழுத்தும்தான் ஆபத்து. வாங்காத கடனுக்குக் கொடுத்தாலோ, நாளைக்கு அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும்.

"நான் வந்துபோனதற்கு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று தாள் நீட்டுவார்கள். அதுவும் வேண்டாம். தாள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்து உங்களால் வாசிக்க முடியாவிட்டால் கட்டாயம் வேண்டாம்.

இரண்டாவது: கேள்வி உங்கள் பக்கமிருந்து போகட்டும்

வந்தவர் கேட்பார், நாம் பதில் சொல்வோம் என்பதுதான் பழக்கம். இதைத் திருப்பிப் போடுங்கள். படலையைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. அமைதியான குரலில், "தம்பி, நீங்கள் எந்தக் கொம்பனி? உங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள். கொம்பனி உங்களுக்குத் தந்த அதிகாரக் கடிதம் இருக்கிறதா? கடன் இலக்கம் என்ன, எந்தக் கிளை, எந்த வருடம் எடுத்தது?" என்று கேளுங்கள். சொல்வதை அவர் முன்னாலேயே ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதுவதைக் கண்டாலே பாதிப் பேருடைய குரல் இறங்கிவிடும், இதை நானே பார்த்திருக்கிறேன்.

இதில் மிக முக்கியமானது அடையாள அட்டை இலக்கம். உங்கள் இலக்கத்தை நீங்கள் சொல்லவே கூடாது. தங்கள் கையில் இருக்கும் இலக்கத்தை அவர்கள் வாசிக்கட்டும். முழுவதையும் சொல்ல மறுத்தால் முதல் பகுதியை மட்டும் கேளுங்கள், அதுவே போதும். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. புதிய 12 இலக்க அட்டையில் வருடம் முழுதாக நான்கு இலக்கத்தில் வரும். பெண் என்றால் நாள் எண்ணோடு 500 கூட்டியிருப்பார்கள். 1972-இல் பிறந்தவரிடம் வந்து நிற்பவரின் கையில் 85 என்று தொடங்கும் இலக்கம் இருந்தால் ஆள் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

நம் பெயர்கள்தான் இந்தக் குழப்பத்துக்கு வளமான நிலம். குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் ஓர் எழுத்து, பிறகு சொந்தப் பெயர். எஸ். சிவகுமார் என்று லிங்கநகரில் ஒருவர், அன்புவழிபுரத்தில் ஒருவர், மூதூரில் ஒருவர் இருப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவருக்கு ஒரு எழுத்துக் கூடும், இன்னொருவருக்குக் குறையும். கொழும்பில் கணினிக்கு முன்னால் இருப்பவருக்கு எல்லாரும் ஒருவர்தான். எங்கள் அப்பாவுக்கு நடந்ததும் இதுதான். போரிலும் சுனாமியிலும் இடம் மாறி, பழைய விலாசம் ஒன்று, புதிய விலாசம் ஒன்று என்று இருப்பவர்களுக்கு இது இன்னும் எளிதாக நடக்கும்.

தொலைபேசியில் என்றால் இதே கேள்விகள், அதோடு ஒன்று: "எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பதில் தருகிறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். தனிப்பட்ட ஒருவரின் வங்கிக் கணக்குக்கோ கைபேசிப் பணப்பைக்கோ போடச் சொன்னாலும், கைபேசிக்கு வந்த ஓடிபி இலக்கத்தைக் கேட்டாலும் அது வசூல் அல்ல, மோசடி.

மூன்றாவது: உண்மையில் உங்களுடையதில்லையா என்று நேர்மையாகப் பாருங்கள்

இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. "எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று கத்திவிட்டுப் பிறகு தன் கையெழுத்தையே பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு.

பிணை. நண்பருக்கோ மைத்துனருக்கோ பிணையாளராகக் கையெழுத்திட்டிருந்தால் அது உங்கள் கடனும்தான். முதலில் கடன்காரரைப் பிடித்துவிட்டு வா என்று சொல்லும் உரிமை நமது பொதுச்சட்டத்தில் பிணையாளருக்கு உண்டு. ஆனால் அச்சடித்த பிணைப்படிவங்களில் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகவே பெரும்பாலும் எழுதியிருக்கும். பெண்கள் குழுவாக எடுக்கும் நுண்கடனிலும் ஒருவருக்கு ஒருவர் பிணை நின்றிருக்கலாம். கையெழுத்திட்ட தாளைப் பாருங்கள். கையெழுத்து உங்களுடையது என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குரியதல்ல. தவணையைக் குறைத்துப் பேச வேண்டிய வேலை அது.

ரெபரன்ஸ். இது பிணை அல்லவே அல்ல. யாரோ லோன் எடுக்கும்போது "தெரிந்தவர்" என்று உங்கள் பெயரையும் இலக்கத்தையும் கொடுத்துவிடுவார். கைபேசிச் செயலியில் கடன் எடுத்தவர் தன் தொடர்புப் பட்டியலைத் திறந்துவிட்டிருந்தால் அதில் இருக்கும் எல்லாருக்கும் அழைப்புப் போகும். உங்கள் கையெழுத்து இல்லாமல் நீங்கள் எவருடைய கடனுக்கும் பொறுப்பாக மாட்டீர்கள். "அவரைத் தேடிப் பிடித்துத் தருவது என் வேலை இல்லை, இனி இந்த இலக்கத்துக்கு எடுக்க வேண்டாம்" என்று ஒருமுறை சொல்லி, அதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்பி வையுங்கள்.

இறந்தவரின் கடன். இதைத்தான் நான் மிகவும் வேதனையோடு பார்க்கிறேன். கணவர் போய் முப்பத்தொன்று முடியுமுன் மனைவியிடம் போய் நிற்பார்கள். மனைவி என்பதற்காகவோ பிள்ளை என்பதற்காகவோ கடன் தலையில் ஏறாது. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் அது அறவிடப்பட வேண்டும். அந்தச் சொத்து உங்கள் கைக்கு வந்திருந்தால் அதன் அளவுக்கு மட்டும் பேச்சு. நீங்களே பிணையாகவோ கூட்டுக் கடனாளியாகவோ கையெழுத்திட்டிருந்தால் கதை வேறு. அதோடு ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: "இந்தக் கடனுக்குக் காப்புறுதி பிடித்தீர்களா?" கடன் கொடுக்கும்போதே ஆயுள் காப்புறுதிக்கு என்று காசு கழிப்பது வழக்கம். அப்படி இருந்தால் மரணச் சான்றிதழைக் கொடுத்துக் காப்புறுதியிலிருந்து மிகுதியைத் தீர்க்கும்படி கேட்கலாம்.

முன்பே கட்டி முடித்தது. பற்றுச்சீட்டும் கடன் முடிவுக் கடிதமும் இருந்தால் ஒரு நாள் வேலை. இல்லாவிட்டால் வங்கிக் கணக்குக்கூற்றை எடுத்து உங்கள் பக்கக் கணக்கைக் காட்டலாம்.

உங்கள் அட்டையைக் கொண்டு வேறு யாரோ எடுத்தது. இது குற்றம். கையெழுத்துப் போலியானது என்று தெரிந்தவுடன் பொலிசில் முறைப்பாடு போட்டுவிட்டுத்தான் மற்ற எல்லாம்.

நான்காவது: கடிதம்

எல்லாவற்றிலும் பலமானது இதுதான். வசூலிக்க வந்தவருக்கு அல்ல, கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கும் கிளைக்கும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழி. கொழும்புக்கு நேரில் வா என்று சொன்னாலும் இரவு ரயில் ஏறவேண்டாம், பதிவுத் தபால் போதும். எங்கள் கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"உங்கள் சார்பில் ….. திகதியில் என் வீட்டுக்கு வந்தவர் குறிப்பிட்ட ….. இலக்கக் கடனை நான் பெறவில்லை. அதற்குப் பிணையாகக் கையெழுத்திடவும் இல்லை. இக்கடனை நான் மறுக்கிறேன். கடன் ஒப்பந்தம், அதனுடன் பெறப்பட்ட அடையாள அட்டைப் பிரதி, கணக்குக்கூற்று, வசூலிக்க வந்தவருக்கு நீங்கள் வழங்கிய அதிகாரக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை 14 நாட்களுக்குள் அனுப்பிவைக்கவும். இது தீரும்வரை என் வீட்டுக்கோ வேலைத்தலத்துக்கோ உறவினருக்கோ ஆள் அனுப்பவோ அழைப்பு எடுக்கவோ வேண்டாம். கொடுகடன் தகவல் பணியகத்தில் என் பெயரில் இக்கடனைப் பதிந்திருந்தால் திருத்தி, திருத்தியதை எழுத்தில் அறிவிக்கவும். இக்கடிதம் எந்தக் கடனையும் நான் ஏற்றுக்கொண்டதாகப் பொருள்படாது."

14 நாள் என்பது நாங்களாகப் போட்ட தவணை. ஒரு திகதி இருந்தால்தான் அடுத்த படிக்குப் போகும்போது "இத்தனை நாள் பொறுத்தேன்" என்று காட்டலாம். அம்மா செய்ததுபோல ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டிருந்தால் ஒளிக்காதீர்கள். யார் கொடுத்தது, ஏன் கொடுத்தது, கடன்காரர் என்று அவர்கள் சொல்பவர் அப்போது வீட்டிலேயே இல்லை என்பதை ஒரு பந்தியில் எழுதுங்கள். நாங்கள் அதைச் சமாதான நீதவான் முன்னிலையில் அம்மாவின் சத்தியக் கடதாசியாகவே இணைத்தோம்.

பதில் ஒன்று வரலாம்: "வாடிக்கையாளரின் தகவல் இரகசியம், உங்களுக்குத் தர முடியாது." எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. முதலில் மனம் உடைந்தது. பிறகுதான் விளங்கியது, அப்பா அவர்களுடைய வாடிக்கையாளர் இல்லை என்று அவர்களே எழுதித் தந்திருக்கிறார்கள். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, "அப்படியானால் நான் அந்த வாடிக்கையாளர் இல்லை என்பதை உறுதிப்படுத்தி எழுதுங்கள்" என்று இரண்டாவது கடிதம் போட்டோம்.

பதிவுத் தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியின் பின்பக்கத்தில் குத்தி வையுங்கள். கிளையில் நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள்.

ஐந்தாவது: கிறிப் அறிக்கை

1990-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தைத்தான் எல்லாரும் கிறிப் என்கிறோம். உங்கள் பெயரில் எந்தெந்த நிறுவனம் என்ன கடன் பதிந்திருக்கிறது, எதற்கெல்லாம் பிணையாளராகக் காட்டியிருக்கிறது என்பதெல்லாம் உங்கள் அறிக்கையில் வரும். உங்கள் அறிக்கையைக் கட்டணம் செலுத்தி நீங்களே பெறலாம். பணியகத்தின் இணையத்தளத்திலும் அதற்கு வழி இருக்கிறது.

பலர் நினைப்பதுபோல கிறிப் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்புவதை வைத்திருக்கிறது, அவ்வளவே. எனவே பிழையைத் திருத்த வேண்டியது அனுப்பிய நிறுவனம். பணியகத்துக்கு ஆட்சேபம் எழுதி, அதே நாளில் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். அறிக்கையில் அந்தக் கடன் இல்லவே இல்லை என்றால் இன்னும் நல்லது, அந்தத் தாளும் உங்கள் பக்கச் சாட்சி.

ஆறாவது: மேலிடம்

நிறுவனம் பதில் தராவிட்டால், அல்லது மழுப்பினால், இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறைப்பாடு செய்யுங்கள். அழைப்பு இலக்கம் 1935. நிறுவனத்துக்கு முதலில் எழுதினீர்களா என்று கேட்பார்கள், அதற்குத்தான் அந்தப் பற்றுச்சீட்டு. மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலும் பிரதேச அலுவலகம் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று நேரில் போய்க் கேட்கலாம். 2023-இல் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் வந்துவிட்டன; முறைப்பாட்டில் அதைக் குறிப்பிடுங்கள். இன்னொரு வழி நிதியியல் குறைகேள் அதிகாரி. அங்கேயும் நிறுவனத்துக்கு முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் மத்திய வங்கியின் கை எட்டுவது அதன் அனுமதி பெற்ற நிறுவனங்கள் வரைதான். கடன் கொடுத்ததாகச் சொல்லும் பெயர் மத்திய வங்கியின் இணையத்தளப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டியலில் இல்லாத கைபேசிச் செயலி, ஊர் வட்டிக்காரர் என்றால் பொலிசும் நீதிமன்றமும்தான் வழி.

ஏழாவது: மிரட்டினால்

கடன் என்பது சிவில் விடயம். ஆனால் மிரட்டுவது, வளவுக்குள் அத்துமீறி நுழைவது, பயமுறுத்திக் காசு பறிப்பது எல்லாம் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றங்கள். "பொலிசைக் கூட்டிக்கொண்டு வருவேன்" என்று சொன்னால், "நானே போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம் எதுவோ, தலைமையகம், உப்புவெளி, கிண்ணியா, மூதூர், அங்கே முறைப்பாடு எழுதுங்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வேறு மொழியில் எழுதினால் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

படத்தை மாற்றி வட்ஸ்அப்பில் அனுப்புவேன், ஊருக்கெல்லாம் போடுவேன் என்று மிரட்டும் செயலிக்காரர்களின் செய்திகளை அழிக்க வேண்டாம். கோபத்தில் உடனே புளொக் பண்ணவும் வேண்டாம். முதலில் இலக்கமும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். கணினி, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கும் சொல்லலாம். தெரிந்தவர்களுக்கு முன்கூட்டியே, "என் பெயரில் இப்படி ஒரு செய்தி வரலாம், நம்ப வேண்டாம்" என்று நீங்களே அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு அவர்களிடம் மிரட்ட அதிகம் மிஞ்சாது.

எட்டாவது: நீதிமன்றத் தாள் வந்தால்

இதுவரை சொன்னதை எல்லாம் ஆறுதலாகச் செய்யலாம். இதைச் செய்ய முடியாது.

சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் வேறு, நீதிமன்ற அழைப்பாணை வேறு. கோரிக்கைக் கடிதத்துக்கு மேலே உள்ளதுபோல மறுப்பு எழுதினால் போதும். பேசாமல் மட்டும் இருந்துவிடக்கூடாது. அழைப்பாணை வந்தால் அது நூற்றுக்கு நூறு பிழையான ஆளுக்கு வந்ததாக இருந்தாலும் அந்தத் திகதியில் போகவேண்டும். "என் கடன் இல்லையே, நான் ஏன் போகவேண்டும்" என்று வீட்டில் இருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு விழும். சாதாரணப் பண வழக்கில் அப்படி விழுந்த தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாட்களுக்குள், வராததற்கான காரணத்தைக் காட்டி அதை நீக்கக் கேட்கலாம்.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பெரும்பாலும் 1990-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வருவார்கள். அதில் இடைக்காலத் தீர்ப்பாணை, அதாவது நீங்கள் எதிர்க்காவிட்டால் நிரந்தரமாகிவிடும் தீர்ப்பு, முதலிலேயே வந்துவிடும். அதை எதிர்க்க வெறுமனே போய் நின்றால் போதாது, சத்தியக் கடதாசியோடு நீதிமன்றத்தின் அனுமதி கேட்க வேண்டும். தாள் கைக்கு வந்த அன்றே சட்டத்தரணியிடம் போங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் திருகோணமலையில் இருக்கிறது. 6 வருடம் கடந்த கடன் என்றால் அதையும் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். காலம் கடந்ததை நாம் எழுப்பினால்தான் நீதிமன்றம் பார்க்கும், தானாகப் பார்க்காது.

ஒன்பதாவது: எல்லாம் முடிந்த பிறகு

அடையாள அட்டைப் பிரதி கொடுக்கும்போது அதன் குறுக்கே பேனையால் "சிம் எடுப்பதற்கு மட்டும்" என்று தேவையையும் திகதியையும் எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை. அட்டை தொலைந்தால் அன்றே பொலிஸ் முறைப்பாடு.

"உங்களுக்கும் இக்கடனுக்கும் தொடர்பில்லை" என்ற கடிதம் கைக்கு வந்தால் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று பிள்ளைகளிடம், ஒன்றைப் படமெடுத்துக் கைபேசியில். கோப்புகள் ஒரு வசூல் முகவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும். புதிதாக வருபவருக்குப் பழைய கதை தெரியாது. எங்கள் வீட்டுக்கும் கடிதம் கிடைத்து ஒரு வருடத்தின் பிறகு மறுபடி ஒருவர் வந்தார். அன்றைக்கும் அம்மாதான் வீட்டில் இருந்தார். படலையைத் திறக்காமல், அதற்கு மேலால் பிரதி ஒன்றை நீட்டி, "இதைக் கொண்டுபோய்க் கொடுங்கள் தம்பி, உங்கள் பெயரையும் ஒருக்கால் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார்.